இரண்டு டிகிரி வித்தியாசம்

நகரத்துக்குக் குடிநீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் அவளை எல்லோரும் டிகிரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் வாங்கி வந்த பெயர் அல்ல. கல்லூரி வாசலை அவள் மிதித்தது வாழ்நாளில் ஒரே தடவை, அதுவும் அங்கே மக்கர் பண்ணிய மோட்டாரைப் பார்க்கப் போனபோது. காலையில் வந்து நீலச் சீருடையை மாட்டி, இரும்பு முனை வைத்த பூட்ஸை இறுக்கிக் கட்டி, துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினால், ஆறு பம்புகளையும் சுற்றி வருவாள். அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குகள் பம்புக்கும் மோட்டாருக்குமாக நாலு நாலு. ஒவ்வொன்றின் மீதும் சிவப்புப் புள்ளியை அடித்து, திரையில் தெரியும் எண்ணை நோட்டில் எழுதுவாள். சுற்றுக்கு இருபத்து நாலு எண்கள், நாளைக்கு மூன்று சுற்று, இருபத்திரண்டு வருஷம். பெருக்கிப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். அவளுக்குச் சுற்றியதில்லை.

அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் புறங்கையைப் பேரிங்கில் வைத்து, "சரி," என்பார். அல்லது கையை உதறிக்கொண்டு, "சரியில்லை," என்பார். இந்த இரண்டு சொல்லிலேயே முப்பது வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வுபெற்றார். சாமான் கிடங்கில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த இவளை அந்த இடத்துக்கு மாற்றியபோது, கைக்குப் பதில் கருவி கேட்டாள். சொல்லுக்குப் பதில் எண் எழுதினாள். எண்களை எழுத எழுத ஒரு விஷயம் பிடிபட்டது: அறுபது என்பது கூடவா குறைவா என்று அறுபதுக்கே தெரியாது.

"தனியா ஒரு நம்பர் பேசாது. அதோட ஜோடியைக் கேளு, அது சொல்லும்," என்பாள்.

பம்புகள் இரண்டிரண்டாக நின்றன. ஒரே அளவு, ஒரே சுமை. ஒன்றாம் நம்பர் ஐம்பத்தெட்டில் ஓடும்போது இரண்டாம் நம்பர் அறுபத்தெட்டில் ஓடினால், இரண்டாவதற்குக் காய்ச்சல். சத்தம் வராது, புகை வராது. அதற்கெல்லாம் பத்து நாள் முன்னாலேயே சூடு வந்துவிடும். நோட்டில் அந்த எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டு, 'திரும்ப அளக்கவும்' என்று எழுதுவாள். அவள் வட்டம் போட்டால் பொறியாளரே இறங்கி வந்து பார்ப்பார்.

அவளை ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. நாலாம் நம்பர் சூடேறிக்கொண்டிருந்த ஒரு வாரம், தன் ஷிப்டில் அது நிற்கக் கூடாதே என்று ஆபரேட்டர் ஒருவர் அவள் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் பேரிங்கின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி எடுத்திருக்கிறார். பம்ப் ஐம்பத்திரண்டு காட்டியது. பக்கத்துப் பம்ப் ஐம்பத்தெட்டு. "கெட்டவன் நல்லவனை விட நல்லவனா இருந்தா, அங்கதான் சந்தேகப்படணும்," என்று சொல்லிக் கீழே குனிந்து பார்த்தாள். தரையில் ஈர வட்டம். அன்று முதல் அவர் பெயர் ஈரச்சாக்கு. வீட்டுக்காரம்மாவே தொலைபேசியில், "ஈரச்சாக்கு இருக்காரா?" என்று கேட்கும் அளவுக்கு அது நிலைத்துவிட்டது.

இப்படிப்பட்டவளுக்குச் சர்க்கரை வியாதி வந்து பதினாலு வருஷம். மாத்திரை தவறியதில்லை. ரத்தம் கொடுத்து வாங்கிய சர்க்கரை எண்களையும் நோட்டில் எழுதி, கூடியிருந்தால் சிவப்பில் வட்டமிடுவாள். வட்டம் போட்டதே வைத்தியம் பார்த்த மாதிரி என்று ஒரு நினைப்பு. சில வருஷமாகப் பாதத்தில் உணர்ச்சி மங்கிக்கொண்டே வந்ததை அவள் வரவுக் கணக்கில்தான் வைத்திருந்தாள். முன்பெல்லாம் கடித்த பூட்ஸ் இப்போது கடிக்கவில்லை. "தோல் பழகிடுச்சு," என்றாள். பழகியது தோல் அல்ல, செத்துப்போனது நரம்பு என்று யாரும் சொல்லவில்லை.

கணவர் தபால்காரர். அந்த வீட்டில் வலி முழுவதும் அவர் பங்கு. குதிகால், கெண்டைக்கால், சுண்டுவிரல் என்று நாளுக்கு ஒன்று வலிக்கும். சாயங்காலம் வெந்நீர் வாளியில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் புலம்புவார். அவர் காலில் ஒரு குறையும் கிடையாது. எந்த டாக்டரும் கண்டுபிடித்ததில்லை. இவள் ஒருநாளும், 'அப்பா' என்று உட்கார்ந்ததில்லை. ஆகவே வீட்டில் ஆரோக்கியசாலி இவள் என்பது முடிவாகியிருந்தது.

வாளியில் கால் விட்டிருந்த ஒரு சாயங்காலம் அவர்தான் முதலில் பார்த்தார்.

"ஏம்மா, உன் வலது கால் என்ன, இடது காலுக்கு அண்ணன் மாதிரி இருக்கு?"

பார்த்தாள். வீங்கித்தான் இருந்தது. மேல்பாதம் சிவந்து, விரல் இடுக்கெல்லாம் நிரம்பியிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இரும்புப் படியில் கால் பிசகியது நினைவுக்கு வந்தது. வலிக்கவில்லை, அதனால் மறந்திருந்தாள்.

"வலிக்குதா?"

"சுத்தமா இல்லை."

"அப்ப ஒண்ணும் இல்லை. வலிச்சாதான் பிரச்சினை. என்னைப் பாரு."

தொட்டுப் பார்த்தவர் கையை எடுத்துக்கொண்டார். "சுடுதே!"

அவள் பையிலிருந்து வெப்பமானியை எடுத்து வலது பாதத்தில் புள்ளியை அடித்தாள். முப்பத்து நாலரை.

"முப்பத்தி நாலு. பேரிங் எழுபது வரைக்கும் தாங்கும். இது பச்சைத் தண்ணி," என்று சொல்லி உள்ளே வைத்துவிட்டாள்.

அந்தக் காலோடு மூன்று வாரம் பம்ப் ஹவுஸைச் சுற்றினாள். தெருமுனை டாக்டர் சீழ் பிடிக்கப் போகிறது என்று பத்து நாள் மாத்திரை கொடுத்தார். சீழும் பிடிக்கவில்லை, வீக்கமும் வடியவில்லை. நாத்தனார் எண்ணெய்ப் புட்டியோடு வந்து இறங்கினாள். "ரத்தம் கட்டியிருக்கு அண்ணி. அழுத்தி உருவி விட்டா தானா போயிடும். நீங்க காலைக் குடுங்க," என்று மூன்று நாள் உருவினாள். அவள் கைக்கு நல்ல பலம். எரிகிற அடுப்பை விசிறி ஆற்றிய கதையாக, கால் இன்னும் சிவந்தது. கடைசியில் பூட்ஸ் ஏறாமல் போனபோதுதான் பெரிய ஆஸ்பத்திரியின் கால் பிரிவுக்குப் போனார்கள். காலுக்காகப் போகவில்லை. பூட்ஸ் இல்லாமல் பம்ப் ஹவுஸுக்குள் விடமாட்டார்கள், அதற்காகப் போனார்கள்.

அங்கே மாவுக்கட்டுப் போடும் அறையில் ஒரு மனிதர் இருந்தார். முழங்கை வரை வெள்ளைப் பொடி. இரண்டு காலையும் கால் மணி நேரம் திறந்து வைக்கச் சொன்னார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து எடுத்தார், அதே துப்பாக்கியை. அவளுடையதை விடப் பழைய மாதிரி.

"வலது, முப்பத்தி நாலு புள்ளி நாலு," என்று எழுதினார். இடது பாதத்தில் அதே இடத்தில் புள்ளியை வைத்தார். "இடது, இருபத்தொம்பது புள்ளி ரெண்டு. வித்தியாசம் அஞ்சு புள்ளி ரெண்டு."

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழனிப்பானையில் விழுந்ததாம். ஜோடியைக் கேள், ஜோடியைக் கேள் என்று இருபத்திரண்டு வருஷம் தொண்டை வறளச் சொன்னவள், தன் உடம்பில் பிறப்பிலேயே ஜோடியாக வந்த ஒன்றை, அளக்காமல் விட்டிருந்தாள்.

கால் டாக்டரம்மா பாதத்தை அழுத்திப் பார்த்தார். மெல்லிய நைலான் இழையால் அங்கங்கே குத்தினார். எங்கேயும் அவளுக்குத் தெரியவில்லை. நாடி மட்டும் திண் திண்ணென்று அடித்தது. புண் எங்கேயாவது உண்டா என்று தேடினார், இல்லை. காலைக் கொஞ்ச நேரம் தூக்கி வைக்கச் சொல்லிப் பார்த்தார், சிவப்பு மங்கியது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையைத் தவிர எல்லாம் சாது. எக்ஸ்ரேயும் சாது. ஸ்கேனில்தான் குட்டு வெளிப்பட்டது. பாதத்தின் நடு எலும்புகளுக்குள் நீர் கோத்து நின்றது.

"வலியே இல்லையேம்மா," என்றார் தபால்காரர், மனைவிக்குச் சாட்சி சொல்பவர் மாதிரி.

"அதாங்க பிரச்சினையே. வலிச்சிருந்தா அன்னைக்கே உட்கார்ந்திருப்பாங்க. நரம்பு செத்ததால உள்ளே எலும்புல சின்னச் சின்னதா அடிபட்டும் தெரியலை. மேல நடந்துட்டே இருந்திருக்காங்க."

"அடிபட்டா ஆறணும்தானே? ஏன் இப்படிக் கொதிக்குது?"

டாக்டரம்மா அவர் சட்டைப் பையில் இருந்த தபால் முத்திரைச் சின்னத்தைப் பார்த்தார். "நீங்க தபால்ல இருக்கீங்களா? அப்ப சுலபம். அடிபட்ட இடத்துல இருக்கிற செல்லுங்க, 'இங்க வாங்க, ரிப்பேர் இருக்கு'ன்னு கடுதாசி போடும். சைட்டோகைன்னு அதுக்குப் பேரு. அதைப் படிச்சிட்டு ரத்தம் ஓடி வரும், ஆளுங்க வருவாங்க, இடம் சூடாகும், வீங்கும். அது தப்பில்லை, வேலை நடக்குதுன்னு அர்த்தம். வேலை முடிஞ்சதும் 'போதும்'னு ஒரு கடுதாசி போகணும். சர்க்கரை ரொம்ப வருஷம் இருந்த உடம்புல 'வா'ங்கிற கடுதாசி கட்டுக் கட்டாப் போகுது. 'போதும்'ங்கிறது சரியாப் போறதில்லை."

"போய்ச் சேரலைன்னா திரும்பவாவது வரணுமே," என்றார் தபால்காரர், தொழில் ரோஷத்தோடு.

"வர்றதில்லை. வந்த ஆளுங்கள்ல எலும்பைக் கரைக்கிறவங்க ஒரு கூட்டம். பழசைக் கரைச்சாதான் புதுசைக் கட்ட முடியும். இங்க கரைக்கிறவங்களுக்கு மட்டும் மேல மேல ஆர்டர் வருது. ரிப்பேருக்கு வந்த கொத்தனார் வீட்டையே இடிக்கிறான். இவங்க ஒவ்வொரு அடி எடுத்து வைக்கிறப்பவும் புதுசா ஒரு கடுதாசி போகுது."

டிகிரி அக்கா கேட்டாள். "அந்தக் கடுதாசியை நிறுத்த மாத்திரை இல்லையா?"

"நல்ல கேள்வி. சர்க்கரையில கண், சிறுநீரகம் கெடுறதுக்குப் பின்னாலயும் இதே மாதிரி அணையாத தீ இருக்கு. கண்ணுக்குள்ள போடற ஊசி, சிறுநீரகத்துக்குச் சில மாத்திரைன்னு அங்க கொஞ்சம் வழி கிடைச்சிருக்கு. இந்தக் காலுக்கும் சிலது போட்டுப் பார்த்தாங்க. இதுதான்னு சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு ஒண்ணும் நிரூபணம் ஆகலை. சர்க்கரையைக் கட்டுக்குள்ள வைக்கணும். மத்தபடி இன்னைக்குத் தேதிக்கு மருந்துன்னா இவர்தான்." மாவுக்கட்டுக்காரரைக் கையால் காட்டினார். அவர் பொடிக் கையோடு வணக்கம் வைத்தார்.

முழங்கால் வரை கழற்ற முடியாத கட்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டி, அளந்து, புதிதாகப் போட வேண்டும். அத்தியாவசியத்துக்கு மட்டும் ஊன்றுகோலோடு நகரலாம். இரண்டு காலுக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரிக்குக் கீழே வந்து, அடுத்த தடவையும் கீழேயே நின்றால்தான் கட்டுக்கு விடுதலை. மூன்று மாசமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம்.

"போடலைன்னா?" என்றாள்.

"கரைஞ்ச எலும்பு மேல நடந்தா பாதத்தோட வளைவு உட்கார்ந்திடும். அடிப்பாதம் படகு அடி மாதிரி வெளியே பிதுங்கும். அங்க புண் வரும், உங்களுக்குத் தெரியாது. அப்புறம் காலை வெச்சுக்கலாமா வேண்டாமான்னு வேற டாக்டர் பேசுவார். இப்ப இருக்கிற வடிவத்துல காலைக் காப்பாத்தறதுதான் வேலை."

சரி என்றாள். எண்ணில் சொன்னதால் அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததைச் செய்வது வேறு சமாச்சாரம்.

சிக்கல் ஏழாம் நம்பரால் வந்தது. பம்ப் ஹவுஸில் புதிதாக ஒரு பெரிய பம்ப் இறக்கியிருந்தார்கள். மூன்று மாசத்தில் ஓட்டிப் பார்ப்பதாகத் திட்டம். ஏழுக்கு ஜோடி கிடையாது. அந்த அளவில் அங்கே இன்னொன்று இல்லை. ஆகவே அதற்கு ஜோடி அதன் முதல் நாள்தான் என்று அவள் முன்பே சொல்லிவைத்திருந்தாள். முதல் நாள் எடுக்கும் எண்கள் துல்லியமாக இருந்தால், பிறகு வரும் இருபது வருஷமும் அவற்றோடு ஒப்பிடலாம். அன்றைக்குக் கோட்டைவிட்டால் அந்தப் பம்புக்கு ஆயுசுக்கும் ஜாதகம் இல்லை. அதைப் போய் ஈரச்சாக்கு கையில் கொடுப்பதா?

கட்டுக்குள் கால் ஆறத் தொடங்கியது. அளவுகளைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார் மாவுக்கட்டுக்காரர். நாலு புள்ளி நாலு. மூன்று புள்ளி ஏழு. மூன்று புள்ளி ஒன்று. இரண்டு புள்ளி ஆறு. பத்தாவது வாரம் ஒன்று புள்ளி ஒன்பது.

"அடுத்த தடவையும் இப்படியே வந்தா கழட்டிடலாம்க்கா," என்றார் அவர். அதற்குள் அவரும் அக்கா போட ஆரம்பித்திருந்தார்.

அடுத்த தடவை வெள்ளிக்கிழமை. ஏழாம் நம்பரை ஓட்டுவது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் கச்சிதமாகக் கூடி வந்தது. கூடி வந்ததைக் கெடுத்தது அவளேதான். ஆறு நாள் முன்னால், தபால்காரர் வேலைக்குப் போன பிறகு, ஆட்டோ பிடித்துப் பம்ப் ஹவுஸுக்குப் போனாள். புதுப் பம்பையும் மோட்டாரையும் நேர்கோட்டில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள், மாவுக்கட்டை ஊன்றி இரண்டு மணி நேரம் நின்றாள்.

"அக்கா, நாற்காலி கொண்டாரட்டுமா?" என்றார் ஈரச்சாக்கு.

"உன் வேலையைப் பாரு."

"கால் டாக்டர் திட்டமாட்டாங்களா?"

"நீ சாக்கை எங்க வெச்சிருக்கேன்னு நான் கேட்டேனா?"

அவர் வேலைக்குத் திரும்பினார். அவளுக்கு வலிக்கவில்லை. ஆனால் வலிக்காததற்கு என்ன மதிப்பு என்று இப்போது அவளுக்குத் தெரியும். அந்த வாரம் முழுவதும், கட்டுக்குள் கால் ஏறியிருக்கும், கட்டாயம் ஏறியிருக்கும் என்று மனசு அரித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் இடது காலுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு போட்டுக்கொண்டாள்.

இதில்தான் அவள் கெட்டிக்காரத்தனம். ஈரச்சாக்கு மாதிரி ஆசாமிகள் கெட்டதைக் குளிர வைத்து மாட்டிக்கொள்வார்கள். எல்லோர் கண்ணும் கெட்டதன் மேல்தானே இருக்கும்? வேண்டியதோ வித்தியாசம். நல்லதைச் சூடாக்கினாலும் வித்தியாசம் குறையும். நல்ல காலை எவனும் சந்தேகப்படமாட்டான். ஆயிரம் ஏமாற்றைப் பிடித்தவளுக்கு ஆயிரத்தோராவதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப் பொழுது போதும்.

மாவுக்கட்டை வெட்டியதும் இரண்டு காலையும் நீட்டி வைக்கச் சொன்னார் மாவுக்கட்டுக்காரர். "குளிருதுப்பா. இது நல்ல கால்தானே," என்று இடது காலை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அன்று வராந்தாவில் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவர் கவனிக்கவில்லை. அளக்கும்போது கடைசி நிமிஷத்தில் காலுறையை உருவினாள்.

"வலது முப்பத்திரண்டு புள்ளி ஏழு. இடது முப்பத்தொண்ணு புள்ளி மூணு. வித்தியாசம் ஒண்ணு புள்ளி நாலு. ஜெயிச்சிட்டீங்கக்கா!"

உறுதியான அடி வைத்த ஒரு தற்காலிகச் செருப்பைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்லி அனுப்பினார்கள். தபால்காரருக்குக் கண்ணில் நீர் வந்தது. அவருக்குச் சுண்டுவிரல் வலித்தாலும் வரும் என்றாலும், இது நிஜமாக வந்தது. வீட்டுக்குள் அவள் தன் காலால் நடந்து போனதைப் பார்த்து, தங்கைக்குத் தொலைபேசியில், "எல்லாம் உங்க அண்ணி வைராக்கியம்," என்றார்.

சனிக்கிழமை காலையில், சீட்டில் இருந்ததை நோட்டில் ஏற்ற உட்கார்ந்தாள். வலது காலுக்கு ஒரு வரிசை, இடது காலுக்கு ஒரு வரிசை. பழக்க தோஷம், பேனா இடது வரிசையின் மேல் ஓடியது. இருபத்தொன்பது புள்ளி இரண்டு. இருபத்தொன்பது புள்ளி ஆறு. இருபத்தொன்பது புள்ளி ஐந்து. இருபத்தொன்பது புள்ளி எட்டு. இருபத்தொன்பது புள்ளி மூன்று. இருபத்தொன்பது புள்ளி ஏழு. முப்பத்தொன்று புள்ளி மூன்று.

எட்டாம் வகுப்புப் பையன்கூட இதைப் பிடித்திருப்பான். இத்தனை நாள் அசையாமல் நின்ற ஒரு எண் ஒரே நாளில் துள்ளினால், அது எண்ணின் குற்றமில்லை, எழுதியவன் குற்றம். யார் நோட்டில் அப்படி இருந்தாலும் அவள் கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போகும். போயிற்று. வட்டம் போட்டுவிட்டுத்தான், யாருக்குப் போட்டோம் என்று பார்த்தாள்.

காலைக் கெடுத்துக்கொள்வது ஒன்று. அதற்கு அவள் மனசு எப்படியோ சமாதானம் சொல்லியிருந்தது. நோட்டில் பொய் எண் நிற்பது வேறு. அதற்குச் சமாதானம் வரவில்லை. மனுஷப் பிறவியில் இப்படியும் ஒரு ரகம் உண்டு. பாதம் உடைவதைப் பொறுத்துக்கொள்ளும், நோட்டில் பத்தி உடைவதைப் பொறுக்காது.

"ஏங்க. அந்தத் துப்பாக்கியை எடுத்துட்டு இங்க வாங்க."

இரண்டு காலையும் வெறுமையாக நீட்டி, கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் காத்திருந்தாள். பிறகு அவரையே அளக்கச் சொன்னாள். தன் கையை அவள் அன்று நம்பவில்லை.

"வலது முப்பத்தி ரெண்டு புள்ளி அஞ்சு," என்று வாசித்தார். "இடது இருபத்தொம்பது புள்ளி ஆறு. சரியா அடிச்சேனா?"

"திரும்ப அளங்க."

மூன்று தடவை அளந்தார். வித்தியாசம் இரண்டு புள்ளி ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

"நேத்து ஒண்ணரைன்னாங்களே? ஒரு ராத்திரியில ஏறிடுச்சா?"

"ஏறலை. நேத்தும் இதான். நான் நல்ல காலைச் சூடு பண்ணிக் காட்டினேன்."

தபால்காரர் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி நின்றார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது.

"டாக்டரையா ஏமாத்தினே?"

"ம்."

"என்னையும்?"

"உங்களை ஏமாத்தணும்னு இல்லை. நீங்க கூட இருந்தீங்க."

"நான் ஊர் பூரா போன் போட்டு வைராக்கியம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்! ஒரு பம்புக்காகவா? நாளைக்கு உனக்குக் கால் போச்சுன்னா அந்தப் பம்பு வந்து உனக்குத் தண்ணி எடுத்துக் கொடுக்குமா?"

"கத்தாதீங்க. மாவுக்கட்டுக்காரருக்குப் போன் போடுங்க. அதுவரைக்கும் நான் காலைக் கீழே ஊன்ற மாட்டேன்."

அவர் போட்டார். சனிக்கிழமை மதியம் வரை ஆள் இருப்பார் என்று தெரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றை வாங்கி வந்து, அவளை உட்கார வைத்து, சேதி கேட்டு ஓடி வந்த நாத்தனாரோடு சேர்ந்து வாசல் படியில் தூக்கி இறக்கினார். வழி நெடுக அவளோடு பேசவில்லை. பேசாதது அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது, நடுவில் முதுகு வலித்தபோது சொல்ல ஆளில்லாமல்.

மாவுக்கட்டுக்காரர் கதையைக் கேட்டார். நோட்டில் வட்டமிட்ட எண்ணைப் பார்த்தார். தன் சீட்டின் நகலைப் பார்த்தார். காது சிவந்தது.

"நான் வித்தியாசத்தை மட்டும் பார்த்தேன்க்கா. இடது காலை நான் பார்த்திருக்கணும்."

"பார்க்க விடாம உட்கார்ந்தது நான்."

"இதை அடிச்சிடறேன்." பேனாவை எடுத்தார்.

"அடிக்கக் கூடாது. எழுதினது எழுதினதுதான். பக்கத்துல காரணத்தை எழுதுங்க. நோயாளி நல்ல காலைச் சூடு பண்ணினார்னு எழுதுங்க. கையெழுத்து நான் போடறேன்."

அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். பாதத்தின் நடுவில் ஒரு சின்ன எலும்பு சில மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. நின்ற அந்த இரண்டு மணி நேரத்தில் நகர்ந்ததா, வெள்ளிக்கிழமை நடந்து வந்ததிலா என்று எக்ஸ்ரே சொல்லாது. திரும்பவும் முழங்கால் வரை கட்டு ஏறியது. அது காயக் காய அவளுக்கு வியர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழாம் நம்பர் ஓடியது. பகல் பதினொரு மணிக்குத் தொலைபேசி வந்தது, ஈரச்சாக்கிடமிருந்து.

"அக்கா, ஒரு மணி நேரம் ஓடியாச்சு. அளவு சொல்றேன், எழுதிக்கோங்க."

"பக்கத்துல தண்ணி, சாக்கு எதாவது இருக்கா?"

"அக்கா, எட்டு வருஷம் ஆச்சு. மன்னிக்கவே மாட்டீங்களா?"

"மன்னிக்க நான் யாரு. சொல்லு," என்றாள். முந்தின நாள் கையெழுத்துக்குப் பிறகு அவளுக்கு அந்த மனிதர் மேல் பழைய கோபத்தை வரவழைக்க முடியவில்லை. முயன்று பார்த்தாள். வரவில்லை.

அவர் நாலு எண்கள் சொன்னார். எழுதிக்கொண்டாள். அரை மணிக்கு ஒருதரம் கூப்பிட்டு, சாயங்காலம் வரை சொன்னார். அவள் கேட்காமலே அறையின் வெப்பத்தையும் சேர்த்துச் சொன்னார். அதைக் குறிக்க வேண்டும் என்று அவளுக்கேகூடத் தோன்றியிருக்காது. மோசமில்லை என்று நினைத்தாள், சொல்லவில்லை.

திங்கட்கிழமை டாக்டரம்மா திட்டுவார் என்று தயாராகப் போனாள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாலு நாள் நடந்திருந்தா வளைவு முழுசா உட்கார்ந்திருக்கும். இப்பக் கொஞ்சம் இறங்கியிருக்கு. இதோட நின்னா, அளவெடுத்துச் செஞ்ச செருப்புல நடக்கலாம். பூட்ஸ் இனிமேல் கிடையாது," என்றார். பிறகு சீட்டின் ஓரத்தில் இருந்த குறிப்பைப் படித்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "இனி ரெண்டு காலையும் நானே பக்கத்துல நின்னு பார்ப்பேன்."

இந்த முறை பதினாலு வாரம் ஆயிற்று. எண்கள் அவசரப்படாமல் இறங்கின. கட்டில்தான் அவள் அலுவலகம். ஈரச்சாக்கு காலையில் அளவுகளைச் சொல்ல, நோட்டில் ஏற்றிவந்தாள். பம்ப் ஹவுஸில் அவளுக்கு மேஜை வேலை போட்டார்கள். சுற்றி வரும் வேலை ஈரச்சாக்குக்குப் போயிற்று. சர்க்கரை எண்ணுக்கு வட்டம் போட்டால் போதாது என்று இப்போது டாக்டரைக் கேட்டு மாத்திரையையும் சாப்பாட்டையும் மாற்றினாள். தொடர்ந்து இரண்டு தடவை இரண்டுக்குக் கீழே நின்றது. ஒன்று புள்ளி ஒன்று, புள்ளி எட்டு. இரண்டு காலும் வெறுமையாக, கால் மணி நேரம், டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்க.

வலது பாதம் முன்பை விடச் சற்றுத் தட்டையாகிவிட்டது. ஈரக் காலோடு தரையில் நின்றால் வித்தியாசம் தெரியும். ஆனால் கால் இருக்கிறது. பெட்டி மாதிரி ஒரு செருப்பைச் செய்து கொடுத்து, முதல் வாரம் நாளைக்குப் பத்து நிமிஷம் மட்டும் நடக்கலாம் என்றார்கள்.

முதல் நாள் தபால்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். அவள் படுக்கையறையிலிருந்து சமையலறைக் கதவு வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

"போதும், பத்தாச்சு. உட்காரு."

"ஒம்பதுதான் ஆச்சு."

"நான் பார்த்துட்டு நிக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"நீங்க ஆரம்பிச்சப்ப நான் செருப்புப் பட்டையைப் போட்டுக்கிட்டிருந்தேன். அதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணியிருக்கீங்க."

"ஏமாத்தினவ பேசற பேச்சைப் பாரு. உட்காருன்னா உட்காரு. எனக்குக் கால் வலிக்குது."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பாக்கி ஒரு நிமிஷத்தை நாளைக்கு நடந்துகொள்ளலாம் என்று விட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அவருக்கும் ஒன்றைக் காலால் நகர்த்தப் போனவள், நிறுத்தி, கையால் நகர்த்தினாள்.